ஸ்கேனர் இணையவில்லை: இன்னொரு ஸ்கேனரா, மல்டிமீட்டரா, எலக்ட்ரீஷியனா?

காரின் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறுத் தகவலைப் படிக்க வைத்திருக்கும் சாக்கெட்) ஸ்கேனரைச் செருகினால் ‘வண்டியோடு இணைய முடியவில்லை’ என்கிறது. சில சமயம் திரையே எரிவதில்லை. உடனே போனை எடுத்து ‘இதைவிட நல்ல ஸ்கேனர் எது’ என்று தேடுவது பலருடைய வழக்கம். இல்லாவிட்டால் வண்டியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாமா என்ற யோசனை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அந்த சாக்கெட்டுக்கு முன்னால் குனிந்து பார்ப்பது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் இணையாத வண்டிக்காக இன்னொரு ஸ்கேனர் வாங்குவது பெரும்பாலும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. கோளாறு வண்டியில் இருந்தால் விலை கூடிய கருவியும் அதே செய்தியைத்தான் காட்டும், கொஞ்சம் பெரிய திரையில். ஆனால் வேறு ஸ்கேனர் உண்மையிலேயே தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. எது எப்போது என்பதுதான் விஷயம்.

முதலில் எந்த வகைக் கோளாறு என்று பிரியுங்கள்

‘இணையவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஸ்கேனருக்கே கரண்ட் வராதது ஒன்று. கரண்ட் வந்தும் எந்த மாட்யூலும், அதாவது வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் எதுவும், பதில் சொல்லாதது இன்னொன்று. எஞ்சின் பதில் சொல்கிறது, பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. பிரிக்காமல் செலவு செய்தால் எதையாவது வாங்கி எதையோ சரிசெய்யப் பார்ப்போம்.

டேப்லெட் போலத் தனக்கென பேட்டரி வைத்திருக்கும் ஸ்கேனரில் திரை எரிகிறதா என்று பார்த்துப் பயனில்லை. சாக்கெட்டில் செருகும் தலைப்பகுதியில் ஒரு சின்ன விளக்கு இருக்கும், அதைப் பாருங்கள். அது எரியாவிட்டால் முதல் வகை.

அடுத்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா? ஆகிறது என்றால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு சப்ளையும் எர்த்தும் கிடைக்கின்றன, அது உயிரோடு இருக்கிறது. சந்தேகம் சாக்கெட், அங்கே வரும் வயர், ஸ்கேனர் ஆகிய மூன்றுக்குள் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஸ்டார்ட்டும் ஆகவில்லை, ஸ்கேனரும் இணையவில்லை என்றால் ஈசியூவின் ஃபியூஸ், அதற்குக் கரண்ட் விடும் மெயின் ரிலே, எர்த் என்ற பக்கம் போக வேண்டும். இக்னிஷன் போட்டதும் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்பதும் பழைய வண்டிகளில் நல்ல அடையாளம். எரியவே இல்லையென்றால் ஈசியூ விழிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். புதிய வண்டிகளில் இதை நம்ப முடியாது. ஈசியூ பேசாவிட்டாலும் மீட்டர் போர்டே அந்த விளக்கைப் போட்டுவிடும்.

இன்னொன்று, கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது: இக்னிஷன் ஆன் நிலைக்கே போயிருக்காது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் பிரேக்கை மிதிக்காமல் ஒருமுறை அழுத்தினால் பாட்டு மட்டும்தான் வரும். பல வண்டிகளில் இன்னொருமுறை அழுத்தினால்தான் மாட்யூல்கள் விழிக்கும்.

வேறு ஸ்கேனர் எப்போது பதில்

சாக்கெட்டில் செருகி, போனோடு இணையும் குட்டி ஸ்கேனர்களான டாங்கிள்களில் பெரும்பாலானவை ஈஎல்எம்327 என்ற சிப்பின் வழிவந்தவை, அதிலும் பெரும்பகுதி நகல்கள். எலம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் செய்த அந்தச் சிப்பின் ஆரம்பப் பதிப்பில் நகல் தடுப்பு இல்லாததால் சந்தையே நகல்களால் நிரம்பியது. ‘பதிப்பு 1.5’ என்று போட்டு விற்கிறார்களே, அப்படியொரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. நகல் என்பதாலேயே எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். எஞ்சினின் கோளாறு எண்ணான ‘கோடு’ படிக்கவும் கூலன்ட் சூடு பார்க்கவும் பல வண்டிகளில் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் சிலவற்றில் எல்லா மொழிகளும் இருக்காது. உறையில் ‘எல்லா புரோட்டோகாலும்’ என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே சில வேலை செய்யாது.

மொழி என்கிறேன், ஏனென்றால் வண்டிகள் ஒரே மொழியில் பேசுவதில்லை. அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது 1996 மாடலில் இருந்து. ஆனால் மாட்யூல்கள் இரண்டு வயரில் பேசும் கேன் என்ற மொழி கட்டாயமானது 2008 மாடலில்தான். ஐரோப்பாவில் ஓபிடி கட்டாயமானது பெட்ரோல் கார்களுக்கு 2001இல், டீசலுக்கு அதற்குச் சில வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்து வண்டிகள் கே-லைன், ஜே1850 என்று பல விதமாகப் பேசின. உங்கள் வண்டி அந்தக் காலத்தது, டாங்கிள் இன்னொரு புது வண்டியில் உடனே இணைகிறது, இதில் மட்டும் தேடிக்கொண்டே இருக்கிறது என்றால் நியாயமான சந்தேகம் டாங்கிள் மேல்தான். சாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாலே மொழி பாதி தெரிந்துவிடும்: 6, 14 எண் குழிகளில் உலோகம் இருந்தால் கேன், 7இல் மட்டும் இருந்தால் கே-லைன், 2இல் இருந்தால் ஜே1850. வாங்கும்முன் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு காசு செலவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு சிக்கலில் மாட்டுவார்கள். பழைய வகை ப்ளூடூத் டாங்கிள் ஆண்ட்ராய்டில் இணையும், ஐபோனில் இணையாது. அவர்களுக்கு வைஃபை வகை அல்லது குறைந்த மின்சார ப்ளூடூத் வகை வேண்டும். இது வண்டிக் கோளாறே இல்லை, இதற்காக வண்டியைக் கழற்றியவர்களும் உண்டு.

மூன்றாவது வகைக்குத்தான், அதாவது எஞ்சின் பேசுகிறது, ஏபிஎஸ் பேசவில்லை என்பதற்குத்தான், பெரிய ஸ்கேனர் பெரும்பாலும் சரியான விடை. சட்டம் கேட்பது புகை சம்பந்தப்பட்ட தகவலை எல்லாக் கருவிக்கும் பொதுவாகக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமே. ஏபிஎஸ், ஏர்பேக், கதவு விளக்கு போன்றவற்றைப் பார்க்கும் பாடி கன்ட்ரோல் ஆகியவற்றின் பேச்சு ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் வைத்துக்கொள்வது. சாதாரண கோடு ரீடர் அவற்றைக் கேட்பதே இல்லை. அதனால் வரும் மௌனத்தைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா மாட்யூலையும் படிக்கும், ஃபேனையோ ஃபியூல் பம்பையோ தானே ஓடவிட்டுப் பார்க்கும் இருவழி ஸ்கேனரின் மதிப்பு இங்கேதான். ரிலேவைக் கழற்றாமலேயே ஃபேனை ஓடச் சொல்லி, ஓடுகிறதா என்று பார்ப்பது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். ஓடினால் மோட்டார், ரிலே, வயரிங் எல்லாம் சரி, சென்சார் பக்கம் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. 2018 வாக்கில் இருந்து ஃபியட் கிரைஸ்லர் வண்டிகளில், சாக்கெட்டுக்கும் மாட்யூல்களுக்கும் நடுவே காவல் நிற்கும் பாதுகாப்பு கேட்வே வந்தது. பிறகு வேறு சிலரும் அதே வழியில் போனார்கள். அந்த வண்டிகளில் அனுமதி பெறாத ஸ்கேனர் கோடைப் படிக்கும், ஆனால் அழிக்கவோ எதையும் இயக்கவோ விடாது. இருவழி ஸ்கேனர் வாங்கும்முன் உங்கள் வண்டியின் வருடத்துக்கு அந்தத் தடை இருக்கிறதா, கருவிக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புது ஸ்கேனர் யோசனைக்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றே: உங்கள் ஸ்கேனரை வேறு வண்டியில் செருகுங்கள், முடிந்தால் வேறு ஸ்கேனரை இரவல் வாங்கி உங்கள் வண்டியில் செருகுங்கள். உங்களுடையது அங்கே இணைந்து, இரவல் இங்கே இணையவில்லை என்றால் கடைக்குப் போகும் யோசனையைக் கைவிடலாம்.

மல்டிமீட்டர்: சாக்கெட்டில் அரை மணி நேரம்

சாக்கெட்டில் 16 குழிகள். இவற்றில் ஆறைத் தெரிந்துவைத்தால் போதும். 16ஆவதில் பேட்டரி பாசிட்டிவ், சாவி இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும். 4 பாடி எர்த். 5 சிக்னல் எர்த். 6 கேன் ஹை, 14 கேன் லோ. 7 கே-லைன்.

முதல் அளவு 16க்கும் 4க்கும் இடையே. பேட்டரி வோல்ட் வர வேண்டும். பூஜ்யம் என்றால் ஃபியூஸ். இந்த சாக்கெட்டுக்குத் தனி ஃபியூஸ் இருக்கும் என்று தேடாதீர்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான். போன் சார்ஜர், டயருக்குக் காற்றடிக்கும் பம்பு என்று எதையாவது செருகி அது போயிருக்கும். சார்ஜர் வேலை செய்யவில்லை என்பதும் ஸ்கேனர் எரியவில்லை என்பதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். ‘ஸ்கேனர் இணையவில்லை’ புகார்களில் கணிசமானவை இந்த ஃபியூஸோடு முடிந்துவிடும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மயிரிழை விரிசல் தெரியாது. ஃபியூஸின் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும், இரண்டிலும் வோல்ட் வருகிறதா பாருங்கள்.

மீட்டர் கம்பியைக் குழிக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெண் டெர்மினல் மெல்லியது. தடித்த முனை நுழைந்தால் வாய் விரிந்துவிடும், அப்புறம் ஸ்கேனரின் பின் அதில் தொட்டும் தொடாமலும் நிற்கும். இல்லாத கோளாறை நாமே உண்டாக்கும் வழி இது. மெல்லிய ஊசியோ, குழிகளை வெளியே கொண்டுவரும் பிரேக்அவுட் பெட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாக்கெட்டைக் கழற்றி, பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் தொட்டு அளக்கலாம். வயரின் உறையைக் குத்தி அளப்பது வேண்டாம்; அந்தத் துளை வழியே ஈரம் போய், பிற்பாடு செம்பு பச்சை பூத்துவிடும்.

இனி, பலரும் ஏமாறும் இடம். 16க்கும் 4க்கும் நடுவே மீட்டர் 12.4 வோல்ட் காட்டுகிறது, ஆனால் ஸ்கேனர் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. மீட்டரைப் பொய்யாக்க ஆசை வரும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். ஸ்கேனர் கரண்ட் கேட்கும்போது அந்த இழையால் கொடுக்க முடியாது. மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு 5 வாட் பல்பு ஒன்றை அதே இரண்டு குழிகளில் சேருங்கள். பல்பு மங்கலாக எரிந்து மீட்டர் 6 வோல்ட்டுக்கு இறங்கினால் வழியில் எங்கோ அடைப்பு. இப்போது பல்பின் எர்த் காலை மட்டும் 4இல் இருந்து எடுத்து, பெயிண்ட் இல்லாத ஒரு பாடி போல்ட்டில் வையுங்கள். பளிச்சென்று எரிகிறதா? அப்படியானால் கோளாறு 16இல் இல்லை, 4இன் எர்த் வயரில். டேஷ்போர்டுக்கு அடியில் அந்த வயர் போய்ச் சேரும் போல்ட்டைத் தேடிப் பிடித்துச் சுரண்டி முறுக்கினால் முடிந்தது. பல்பு இன்னும் மங்கலாகவே இருந்தால் பாசிட்டிவ் பக்கம்.

வண்டியில் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறுக்கும் இதே முறைதான். ஓம் அளப்பது, பீப் சத்தம் கேட்பது இரண்டையும்விட, வேலை நடக்கும்போது எவ்வளவு வோல்ட் வழியில் தொலைகிறது என்று அளப்பது எப்போதும் மேல். பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு கம்பி, எஞ்சின் பிளாக்கில் இன்னொன்று, ஒருவர் செல்ஃப் எடுக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கவனியுங்கள். பீப் சத்தத்துக்கு அந்தக் கேபிள் ‘சரி’ என்றே சொல்லும்.

கரண்டும் எர்த்தும் சரி, ஆனாலும் யாரும் பேசவில்லை என்றால் கேன் பக்கம் போகலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சற்று நேரம் விட்டு, 6க்கும் 14க்கும் இடையே ஓம் அளங்கள். கேன் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது: ஒரு மாட்யூல் கழன்றிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மீட்டரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு ஒவ்வொரு மாட்யூலாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது பூஜ்யம் மறைகிறதோ அதுதான் ஆள், அல்லது அதற்குப் போகும் வயர். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: சாக்கெட்டுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே கேட்வே உள்ள வண்டிகளில் இந்த 60 என்ற கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வயரிங் டயகிராம் இல்லாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பேட்டரியை மாட்டி, இக்னிஷன் போட்டு வோல்ட்டும் பாருங்கள். சும்மா இருக்கும்போது இரண்டு லைனும் 2.5 வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். மீட்டர் இந்த வேகத்தைப் பிடிக்காது, சராசரியைத்தான் காட்டும். ஹை 2.5க்குச் சற்று மேலேயும் லோ சற்றுக் கீழேயும் இருந்தால் பேச்சு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் பாடியோடு ஷார்ட், அல்லது நெட்வொர்க்கே தூங்குகிறது. பேட்டரி வோல்ட்டை நோக்கி ஏறியிருந்தால் ஏதோ பாசிட்டிவ் வயர் உரசுகிறது. கே-லைன் வண்டி என்றால் வேலை சுலபம்: 7இல் சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பூஜ்யமாகக் கிடந்தால் யாரோ அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பழைய ஃபோக்ஸ்வாகன்களில் அந்த ‘யாரோ’ பல சமயம் வெளியில் வாங்கிப் போட்ட மியூசிக் சிஸ்டம்தான். ரேடியோ கனெக்டரில் கே-லைனும் வரும், புது ரேடியோ அதைத் தெரியாமல் எர்த்தோடோ பாசிட்டிவோடோ சேர்த்துவிடும். பொதுவாகவே, பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், ரிமோட் ஸ்டார்ட் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் முதலில் வையுங்கள். கழற்றிப் பார்க்கச் செலவில்லை.

ஸ்டார்ட்டும் ஆகாமல் இணையவும் இல்லாத வண்டியில் இன்னொரு இடம் உண்டு. ஈசியூ தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது, பல சென்சார்களுக்குச் சேர்த்து ஒரே லைன். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த லைனே படுத்துவிடும். சில வண்டிகளில் ஈசியூவும் கூடவே படுத்துவிடும். அந்த லைனில் மீட்டரை வைத்து சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 5 வோல்ட் திரும்பி வந்த கணத்தில் கையில் இருக்கும் கனெக்டர்தான் குற்றவாளி. இதை ‘ஈசியூ போச்சு’ என்று எழுதிக்கொடுத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

டெஸ்ட் லேம்ப், ஸ்கோப், டயகிராம்

டெஸ்ட் லேம்பா மீட்டரா என்ற வாதத்தில் நான் இரண்டுக்கும் ஓட்டுப் போடுவேன். பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப் கரண்ட் இழுக்கும், அதனால் மேலே சொன்ன ‘வோல்ட் உண்டு, வலு இல்லை’ கோளாறை ஒரு தொடுதலில் காட்டிவிடும். ஃபியூஸ், ரிலே, ஹெட்லைட், ஹாரன், ஃபேன் ஆகியவற்றுக்கு மீட்டரைவிட வேகம். ஆனால் ஈசியூவின் சென்சார் வயர்களில் அதை வைக்காதீர்கள், சில நூறு மில்லி ஆம்பியரைத் தாங்கும் வழி அல்ல அது. அங்கே மீட்டர் மட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மீட்டர். ஒரு பழைய பல்பு ஹோல்டரும் இரண்டு வயரும் சேர்ந்தால் மற்றது தானே கிடைத்துவிடும்.

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் நல்ல கருவிதான். கேன் 500 கிலோபிட் வேகத்தில் ஓடும்போது ஒரு பிட்டின் நீளம் 2 மைக்ரோ விநாடி, அதை மீட்டரால் பார்க்கவே முடியாது. பேச்சு நடுவே சிதைவது, இடைவிட்டு வரும் சென்சார் சிக்னல் போன்றவற்றைப் பிடிக்க ஸ்கோப் வேண்டும். ஆனால் ஒரே ஒரு வண்டியின் ஒரே ஒரு கோளாறுக்காக இதை வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. நல்ல அலை எப்படி இருக்கும் என்று பலமுறை பார்த்துப் பழகாதவருக்குக் கெட்ட அலை கண்ணில் படாது.

மாறாக, அந்தப் பணத்தில் கொஞ்சம் உங்கள் வண்டிக்கான வயரிங் டயகிராமுக்குப் போகட்டும். குறுகிய காலச் சந்தா கொடுக்கும் சேவைகள் உண்டு. எந்த எர்த் போல்ட்டில் எந்த மாட்யூல்கள் சேர்கின்றன என்று ஒரு பக்கம் பார்த்தால், சம்பந்தமில்லாமல் வந்த நான்கு கோளாறுகள் ஒரே போல்ட்டில் போய் முடிவது தெரியும். வீடியோக்கள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் வருவது இன்னொருவர் வண்டியின் விடை.

கோடு கிடைத்தபின் வரும் சபலம்

ஸ்கேனர் இணைந்துவிட்டது, யு0100 என்கிறது. எஞ்சின் ஈசியூவோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். உடனே ஈசியூ மாற்றலாம் என்று தோன்றும். யு என்று தொடங்கும் கோடுகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் புகார். யு0121 என்றால் ஏபிஎஸ்ஸின் குரல் கேட்கவில்லை என்று மற்ற மாட்யூல்கள் சொல்கின்றன, அவ்வளவுதான். ஏபிஎஸ் கெட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. அதன் ஃபியூஸ் போனாலும் இதே கோடுதான்.

யு கோடுகள் குவியலாக, ஐந்தாறு மாட்யூல்களில் ஒரே நேரத்தில் வந்திருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். செல்ஃப் எடுக்கும்போது வோல்ட் பாதாளத்துக்குப் போனால் ஒவ்வொரு மாட்யூலாக மயங்கும், விழித்திருப்பவை மயங்கியவற்றின் மேல் புகார் எழுதும். வண்டி சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் எடுக்கும்போது 9.6க்குக் கீழே போனால் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை பொதுவாக இருக்கும். தேவைக்கேற்ப சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள வண்டிகளில் இது ஏறி இறங்கும், அதைக் கோளாறென்று எடுக்க வேண்டாம்.

எதையும் அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள், ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலோடு சேர்த்து. கோளாறு வந்த கணத்தில் எஞ்சின் சூடு என்ன, வேகம் என்ன என்பது அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போகும், புகைப் பரிசோதனைக்கான சுயசோதனைக் கணக்கும் முதலில் இருந்து தொடங்கும். ‘அழித்துப் பார்ப்போம், வந்தால் பார்ப்போம்’ என்ற வழி எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க வேண்டிய தடயத்தை நாமே துடைப்பது.

பழைய ஈசியூ வாங்கி மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டியில் அது சாவியோடு ஒத்துப்போகாது. அந்த வண்டிக்கேற்ப அதை அமைக்கும் கோடிங் செய்யாமல் ஸ்டார்ட்டே ஆகாது. எர்த்தோ 5 வோல்ட்டோ காரணமாக இருந்தால் மாற்றிய ஈசியூவும் அதே கதிதான். இந்த வழியை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். அதே அமைப்புள்ள ரிலேவை ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்ப்பது வேறு, அது தாராளமாகச் செய்யலாம்.

பேட்டரி இரவோடு இரவாக இறங்கும் புகாரில் இரண்டு முறைகள் போட்டி போடுகின்றன. மீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே தொடராகச் சேர்த்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை. பிடுங்கி மாட்டும்போது தூங்கிய மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும், அளவு குழம்பும். அவசரத்தில் கதவைத் திறந்தாலோ செல்ஃப் எடுத்தாலோ மீட்டரின் ஃபியூஸ் போகும். எதையும் பிடுங்காமல் ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் மில்லிவோல்ட் அளப்பது இரண்டாவது. கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம், ஓடுவதில் ஒரு சின்ன எண். 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டர் வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கதவைத் திறந்து வைத்து, பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அடைத்துவிட்டால் கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். சாவியைத் தூர வைத்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். மொத்தத்தில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. முக்கியமாக, சாக்கெட்டில் டாங்கிள் செருகியிருக்கக் கூடாது. அதுவே கரண்ட் குடிக்கும், சில வண்டிகளைத் தூங்கவும் விடாது.

எங்கே நிறுத்துவது

மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் ஓம் அளக்கக் கூடாது, டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டுகூட அங்கே வேண்டாத வேலை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிரை எடுக்கும் வோல்ட் உள்ளவை. 12 வோல்ட் பக்கத்தில் மட்டும் நில்லுங்கள். தண்ணீர் புகுந்த மாட்யூல், கேட்வேக்கு உள்ளே போன கோளாறு, கோடிங் தேவைப்படும் மாற்று பாகம் ஆகிய மூன்றிலும் வீட்டில் செலவிடும் நேரத்துக்குப் பலன் குறைவு. கோளாறு எப்போதாவது மட்டும் வந்துபோகிறது, வயரிங்கை ஆட்டினாலும் வரவில்லை என்றால் ஸ்கோப்பும் அனுபவமும் உள்ளவரிடம் விடுவதே மலிவு.

விடும்போது ‘ஸ்கேனர் வேலை செய்யல, பாருங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் ஃபியூஸில் இருந்து தொடங்குவார், அதற்கும் கூலி உண்டு. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா, 16க்கும் 4க்கும் பல்போடு எத்தனை வோல்ட், 6க்கும் 14க்கும் எத்தனை ஓம், எந்த மாட்யூலைக் கழற்றியபோது அது மாறியது, அழிக்காமல் எழுதிய கோடுகள், கடைசியாக வண்டியில் பொருத்திய வெளிச் சாமான் என்ன. இதைப் படித்துவிட்டு நேராக அந்த மாட்யூலுக்குப் போகிறவரிடம் வண்டியை விடுங்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டு ‘ஈசியூவா இருக்கும்’ என்று தொடங்குகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.